அட்டவணைக்கு வெளியே ஒரு சொல்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அத்தானும் பாப்பாவும் சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றினாயா, இல்லை இன்னும் அந்த ஆடுகிற நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாயா?

திடீரென்று காகிதத்தில் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன்னிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்று. நான் பத்து வார்த்தை சொன்னால் நீ ஒரு 'ம்' போடுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன். பதினாலு 'ம்', இரண்டு 'சரிக்கா'. ஆனால் எழுத உட்கார்ந்தால் நீ வேறு ஆள், பக்கம் பக்கமாக எழுதுவாய். அதனால் இனிமேல் நமக்குள் கடிதம்தான். போன் அவசரத்துக்கு மட்டும்.

உங்கள் கம்பெனி பம்ப் ஆறு எங்கள் வார்டுக்கு வந்து இறங்கியிருக்கிறது. ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களுக்கு வலி மருந்தை சிரிஞ்சில் ஏற்றி அதில் மாட்டிவிட்டால், மணிக்கு இத்தனை மில்லி என்று அதுவே மெல்லத் தள்ளிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருக்கிற புரோகிராம் என் தம்பி எழுதியது என்று ஒரே ஒரு தடவை வாயை விட்டேன். அவ்வளவுதான், வார்டில் அதற்குப் பெயரே 'தம்பி' ஆகிவிட்டது. "ரெண்டாம் பெட்டுக்குத் தம்பிய எடுத்துட்டு வா", "தம்பி கத்துறான் பாரு" என்று நாள் முழுக்க இதே பேச்சு. ஹெட் நர்ஸ் லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. அவரே நேற்று "தம்பிக்கு சார்ஜ் போட்டாச்சா?" என்று கேட்டார்.

உன் தம்பி என்ன வேலை செய்கிறான் என்று யாராவது கேட்டால் 'கம்ப்யூட்டர்' என்று சொல்லி நழுவிவிடுகிறேன். எனக்குப் புரிகிற மாதிரி ஒரு தடவை எழுது பார்ப்போம்.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். முதுகும் அப்படியே இருக்கிறது, நாற்காலியும் அப்படியே இருக்கிறது. உன் மூட்டுவலிக்கு மாத்திரை தவறாமல் போடுகிறாயா? ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிற நர்ஸ் தன் மாத்திரையை மறப்பது உன்னிடம்தான் பார்த்திருக்கிறேன்.

என் வேலையைப் பாப்பாவை வைத்துச் சொல்கிறேன். பாப்பா எந்த நேரத்தில் பார்த்தாலும் மூன்று நிலையில் ஏதோ ஒன்றில்தான் இருப்பாள். தூக்கம், விளையாட்டு, அழுகை. ஒரே நேரத்தில் இரண்டில் இருக்க முடியாது. இப்போது அவளைச் சுற்றி என்னென்ன நடக்கலாம்? பால் வரும். வாசல் மணி அடிக்கும். அத்தான் பாடுவார். ஒரு தாளில் நிலைகளை இடது ஓரத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுது. நடக்கிற காரியங்களை மேலே வரிசையாக எழுது. கோடு போட்டால் கட்டங்கள் வரும். தூக்கத்தில் மணி அடித்தால் அழுகைக்குப் போவாள். அழும்போது பால் வந்தால் விளையாட்டுக்குப் போவாள். அத்தான் பாடினால் எந்த நிலையில் இருந்தாலும் அழுகைதான், அந்த வரிசையை யோசிக்காமலே நிரப்பிவிடலாம்.

பம்பும் இவ்வளவுதான். சும்மா இருக்கும், ஓடும், நிறுத்தி வைத்திருக்கும், அலாரம் அடிக்கும். நாலு நிலை. பட்டனை அழுத்துவது, குழாய் அடைத்துக்கொள்வது, பாட்டரி இறங்குவது என்று மேலே ஏழு. ஆக இருபத்தெட்டுக் கட்டம். புத்தகத்தில் இதற்கு 'முடிவுறு நிலைப் பொறி' என்று பெயர் போட்டிருக்கிறார்கள், படித்தாலே கொட்டாவி வரும். நாங்கள் 'டேபிள்' என்று சொல்லிக்கொள்கிறோம்.

இதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. 'இது நடக்கவே நடக்காது' என்று தோன்றினாலும், நடந்துவிட்டால் எங்கே போக வேண்டும் என்று எழுதியே தீர வேண்டும். நிலைக்கு வைக்கிற பெயர், வார்டில் நீங்கள் வாயால் சொல்கிற வார்த்தையாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, பம்ப் இந்த நிமிஷம் என்ன செய்கிறது என்பதை அந்த டேபிள் ஒன்றுதான் சொல்ல வேண்டும், வேறு எங்கேயும் ஒளித்து வைக்கக் கூடாது. அப்படி இருந்தால் ஐந்து வருஷம் கழித்து முன்பின் தெரியாத ஒருத்தன் வந்து உட்கார்ந்தாலும், தாளைப் பார்த்து ஒரு வரியைச் சேர்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவான். இல்லாவிட்டால் ஒட்டுமேல் ஒட்டுப் போட்டுக்கொண்டே போய், கடைசியில் எழுதினவனுக்கே புரியாது.

நாங்கள் எழுதுவதைச் சோதித்துப் பார்க்கிற எங்கள் டெஸ்டர் ஒரு அம்மா. எதைக் கொடுத்தாலும் நொட்டை சொல்வதால் 'நொட்டை' என்றே பெயர் வைத்திருக்கிறோம். அவருக்கும் தெரியும், கண்டுகொள்வதில்லை. டேபிளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். சந்தேகம் வந்தால் பேசவே மாட்டார். அந்தக் கட்டத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். 

போதும், நீ கேட்டதற்கு நாலு பக்கம் ஆகிவிட்டது. அத்தானைக் கேட்டதாகச் சொல். பாட்டு விஷயம் எழுதிய பக்கத்தை அவரிடம் காட்டாதே.

தம்பி


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் நலம். மாத்திரை போட்டுக்கொண்டேன், இப்போதுதான், உன் கடிதத்தைப் பார்த்த பிறகு. அத்தான் உன் கடிதத்தை நான் ஒளிப்பதற்கு முன்பே படித்துவிட்டார். மூன்று நாளாகப் பாட்டு இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது, இதற்காகவே நீ அடிக்கடி எழுதலாம்.

எனக்கு இது பிடித்துப்போயிற்று. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஹெட் நர்ஸுக்கு ஒரு டேபிள் போட்டேன். கோபம், அதிகக் கோபம், மதியச் சாப்பாடு. மூன்றே நிலை. வார்டே சிரித்தது.

ஒரு சந்தேகம். டாக்டர் சில பேருக்கு முதலில் கொஞ்சம் மருந்தைச் சீக்கிரமாக ஏற்றச் சொல்வார். அதற்கு உன் பம்பில் 'வேகம்' என்று ஒரு பட்டன் இருக்கிறதே. அழுத்தினால் கொஞ்சம் வேகமாகத் தள்ளிவிட்டுப் பிறகு தானாகவே பழைய வேகத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் அந்த நேரத்திலும் திரையில் 'ஓட்டம்' என்றுதான் இருக்கிறது, அதே பழைய எண்தான் இருக்கிறது. நீ சொன்ன நாலு நிலையில் வேகம் இல்லையே. அது எந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது? பாப்பாவுக்கு ஜுரம் என்றால் அவள் தூக்கமும் அழுகையும் வேறு மாதிரிதானே இருக்கும்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். நேரம் கிடைக்கும்போது எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 11

தம்பிக்கு,

நீ நன்றாக இருப்பாய் என்று நினைக்கிறேன். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை, பரவாயில்லை. இதை உட்கார்ந்து நிதானமாகப் படி.

செவ்வாய்க்கிழமை மதியம் ஏழாம் பெட் அம்மா இறந்துபோனார்.

அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவர். வயது நாற்பத்திரண்டு. ஆபரேஷனுக்கு முதல் நாளே வந்து படுத்தவர், எங்கள் அறிவிப்புப் பலகையில் மூன்று தப்பைப் பென்சிலால் திருத்திவிட்டார். ஹெட் நர்ஸ் முறைத்தார், பிறகு அவரே போய்ப் புதுத் தாள் ஒட்டினார். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. இரண்டு மணிக்கு வார்டுக்கு வந்தார். இரண்டு பத்துக்கு பம்ப் மாட்டினேன். முதலில் வேகமாகக் கொஞ்சம் என்று டாக்டர் எழுதியிருந்தார். வேகம் அழுத்தினேன். ஒரு நிமிஷத்தில் அலாரம் அடித்தது. குழாய் மேலேயே அவர் கை இருந்தது. நிறுத்து அழுத்தி, கையை நகர்த்தி, குழாயை நேராக்கி, ஓட்டு அழுத்தினேன். திரையில் 'ஓட்டம்' என்று வந்தது, மணிக்கு எத்தனை மில்லி என்கிற எண் 2 என்று வந்தது. இரண்டு தடவை பார்த்தேன். "கதவுல ஒட்டியிருக்கிறதுலயும் ஒரு தப்பு இருக்கு, அப்புறமா சொல்றேன்" என்று அவர் சொன்னார். நான் ஒன்பதாம் பெட்டுக்குக் கட்டு மாற்றப் போனேன்.

இரண்டு நாற்பதுக்குத் திரும்பி வந்தேன். சிரிஞ்ச் காலி. பத்து மணி நேரத்துக்கு வரவேண்டிய மருந்து. உதடு நீலமாக இருந்தது. எல்லாரும் ஓடி வந்தார்கள், எல்லாம் செய்தோம். மூன்று இருபத்தைந்துக்கு நிறுத்தினோம்.

இப்படிப்பட்ட நேரத்தில் கை ஓடாது, கால் ஓடாது என்பார்கள். எனக்கு எல்லாம் ஓடியது. ரிப்போர்ட் எழுதினேன், வரி கோணாமல் எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து பாப்பாவுக்குத் தலை வாரிவிட்டேன். சாப்பிட்டேன். அத்தான் பேசிக்கொண்டே இருந்தார், வாய் அசைவது தெரிந்தது. அழுகை வரும் என்று காத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை.

சிரிஞ்சை பம்பில் வைத்து அழுத்தும்போது 'டக்' என்று பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் விட்டால் மருந்து தானாக இறங்கிவிடலாம். அந்தச் சத்தம் கேட்டதா என்று கேட்கிறார்கள். கேட்டது. உன் மிஷின் தானாக அப்படி வேகமாக ஓடுமா? ஓடாது என்று தெரியும். இருந்தாலும் உன்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்து வருத்தப்பட்டேன். நீ தைரியமாக இருக்க வேண்டும்.

நீ கேட்டதற்காக டேபிளைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். ஓட்டத்தில் குழாய் அடைத்தால் அலாரத்துக்குப் போகும். அலாரத்தில் நிறுத்து அழுத்தினால் நிறுத்தத்துக்குப் போகும். நிறுத்தத்தில் ஓட்டு அழுத்தினால் ஓட்டத்துக்குப் போகும். மூன்று கட்டமும் சரியாக இருக்கின்றன. இருபத்தெட்டுக் கட்டமும் பார்த்தேன், எதுவும் காலியாக இல்லை. இவை எல்லாமே சோதிக்கப்பட்டவை.

அந்தப் பம்பை உங்கள் ஆஸ்பத்திரி எங்கள் கம்பெனிக்கு அனுப்பி, உள்ளே அது தானாகவே குறித்து வைத்திருக்கும் பதிவைக் கேட்டிருப்பதாகச் சொன்னார்கள். அது வந்தால் தெரிந்துவிடும்.

இங்கே வேலை அதிகம். முதுகு பரவாயில்லை. நேரத்துக்குத் தூங்கு. அத்தானையும் பாப்பாவையும் கேட்டதாகச் சொல்.

தம்பி


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். அங்கே வெயில் எப்படி?

பதிவு வந்துவிட்டது. வேகம் ஒரு தடவை, அலாரம், நிறுத்தம், அப்புறம் ஓட்டம், எண் 2. நான் எழுதியதும் அதில் இருப்பதும் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போகின்றன. பம்ப் ஒழுங்காக வேலை செய்திருக்கிறது என்று உங்கள் கம்பெனி கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறது. பம்பில் தப்பு இல்லை, சிரிஞ்ச் காலி, ஆக சிரிஞ்சை நான் சரியாக மாட்டவில்லை. விசாரணையில் மூன்று பேர். கெட்டவர்கள் இல்லை, தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்துத்தான் கேட்கிறார்கள். டக் சத்தம் கேட்டதா என்று இதுவரை ஒன்பது தடவை கேட்டுவிட்டார்கள். எட்டாவது தடவை நான் கொஞ்சம் யோசித்தேன். அதை எழுதிக்கொண்டார்கள்.

உன் ஏப்ரல் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். கட்டம் எல்லாம் சரி என்கிறாய். சரி. கட்டத்துக்கு வெளியே ஏதாவது இருக்கிறதா? வேகம் எங்கே இருக்கிறது என்று மார்ச்சில் கேட்டிருந்தேன், நீ அதற்குச் சொல்லவில்லை. ஒன்றும் இல்லை என்றால், இல்லை என்று ஒரே வரி எழுது. நான் வேறு பக்கம் யோசிப்பேன்.

அக்கா


மே 24

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? போன் செய்தேன், எடுக்கவில்லை. "வேலை, அப்புறம் பேசறேன்" என்று செய்தி அனுப்பியிருந்தாய். தபால் தொலைந்துபோயிற்றோ என்று ஒரு நாள் நினைத்துக்கொண்டேன். பிறகு நினைக்கவில்லை.

என்னைத் துணி அறைக்கு மாற்றிவிட்டார்கள். விரிப்புகளை எண்ணி மடித்து அடுக்குவது வேலை. நன்றாகத்தான் இருக்கிறது, யாருக்கும் எதுவும் ஆகாது. மற்ற ஐந்து பம்பும் வார்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. யாரும் இப்போது என் எதிரில் அதைத் 'தம்பி' என்பதில்லை. என்னைக் கண்டால் 'பம்ப்' என்று மாற்றிச் சொல்கிறார்கள், அது எனக்குக் கேட்டுவிடுகிறது.

ஏழாம் பெட் அம்மாவின் கணவர் வந்தார். பஸ் டிரைவர், காக்கிச் சட்டையோடு டியூட்டிக்கு நடுவில் வந்திருந்தார். துணி அறை வாசலில் நின்றுகொண்டு, "கடைசியா எதாவது சொன்னாளாம்மா?" என்று கேட்டார். கதவில் ஒட்டியிருப்பதில் ஒரு தப்பு இருக்கிறது என்று சொன்னதைச் சொன்னேன். "அதான பார்த்தேன்" என்றார். லேசாகச் சிரித்தார். "அது என்ன தப்புன்னு சொன்னாளா?" சொல்லவில்லை என்றேன். போய்க் கதவைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். அவருக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. நானும் பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை.

மாத்திரை போடுகிறேன். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

"சிரிஞ்ச் சரியாகப் பொருந்தியதை உறுதி செய்யத் தவறினேன்" என்று ஒரு வரி. யாரும் மிரட்டவில்லை. நானேதான் கேட்டு வாங்கிப் போட்டேன். நினைத்து நினைத்துப் பார்த்ததில் அந்த 'டக்' தேய்ந்துபோய்விட்டது. போன வாரம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு சிரிஞ்சை மாட்டிப் பார்த்தேன், மனசுக்குள்தான். விரல் அழுத்துகிறது, சத்தம் வரவில்லை. பம்ப் பொய் சொல்லாது, உன் டேபிள் சரி, அப்படியானால் என் கைதான். இனிமேல் என்னை நர்ஸாக வைத்துக்கொள்வார்களா என்பதை அடுத்த மாதம் சொல்வார்கள்.

இன்று காலை பஸ் டிப்போவுக்குப் போய் டிரைவரைப் பார்த்தேன். அவருக்கு வேறு யாராவது சொல்வதைவிட நான் சொல்வது நல்லது என்று பட்டது. "என் கைதாங்க" என்றேன். அவர் பஸ்ஸின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைக் கீழே வைத்தார். "நீங்க தெரிஞ்சு செய்யலையேம்மா" என்றார். பிறகு, "வந்து சொன்னீங்களே, அதுக்கு நன்றி" என்றார். கை கூப்பினார், தம்பி. என்னைப் பார்த்துக் கை கூப்பினார். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. டிப்போவிலிருந்து வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று ஞாபகம் இல்லை.

உன் வேலைக்கு நடுவில் இதைப் படிக்க வைத்ததற்குத் தப்பாக நினைக்காதே.

அக்கா


ஜூன் 12

அக்கா,

நலம் விசாரிக்க வாய் வரவில்லை.

உன் கை இல்லை. சிரிஞ்ச் சரியாகத்தான் மாட்டியிருக்கிறது. பம்ப்தான் தள்ளியது. நான்தான்.

போன வருஷம் சரக்கு கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது வேகம் பட்டன் வேண்டும் என்று கேட்டார்கள். அது ஒரு தனி நிலை. ஐந்தாவது வரியாக எழுதி ஏழு புதுக் கட்டம் நிரப்ப வேண்டும், மற்ற நாலு வரியிலும் சில கட்டங்களை மாற்ற வேண்டும், ஒவ்வொன்றையும் சோதித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். மூன்று நாளில் ஆகாது. ஆகாது என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், டேபிளை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு வெளியே ஒரே ஒரு சொல் வைத்தேன். வேகமா? ஆம் அல்லது இல்லை. வேகம் அழுத்தினால் 'ஆம்' ஆகும். சொன்ன அளவு மருந்து போனதும் 'இல்லை' ஆகும். மோட்டார் அந்தச் சொல்லைக் கேட்டு ஓடும். திரை டேபிளைக் கேட்டுக் காட்டும். பதிவும், அழுத்திய பட்டனைத் தவிர மற்றதையெல்லாம் டேபிளைக் கேட்டுத்தான் எழுதும்.

நடுவில் அலாரம் அடித்து நீ நிறுத்து அழுத்தினாய். டேபிள் நிறுத்தத்துக்குப் போய்விட்டது. அந்த 'ஆம்' அப்படியே நின்றுவிட்டது, அதை மாற்றச் சொல்ல எந்தக் கட்டத்துக்கும் அது இருப்பதே தெரியாது. எவ்வளவு போனது என்ற கணக்கு மட்டும் நிறுத்தத்தில் அழிந்துவிட்டது, மறுபடி வேகம் அழுத்தினால்தான் அது எண்ணத் தொடங்கும். நீ ஓட்டு அழுத்தியதும் மோட்டார் வேகத்தில் ஓடியது. போதும் என்று சொல்ல உள்ளே யாரும் இல்லை. திரையில் 2 என்று இருந்தது. நீ இரண்டு தடவை இல்லை, இருபது தடவை பார்த்திருந்தாலும் 2தான் இருந்திருக்கும்.

இதெல்லாம் இன்றைக்குத் தெரிந்தது இல்லை. உன் கடிதம் ஏப்ரல் பதினைந்தாம் தேதி வந்தது. 'வேகம் அழுத்தினேன், அலாரம், நிறுத்து, ஓட்டு' என்று நீ எழுதியிருந்த வரியைப் படிக்கும்போதே தெரிந்துவிட்டது. மேஜையில் ஒரு பம்பை வைத்து அதே வரிசையில் அழுத்தினேன். சிரிஞ்ச் கண் முன்னாலேயே காலியானது. மேஜையைத் துடைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

பிறகு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். அந்த ஐந்தாவது வரியை உட்கார்ந்து எழுதினேன். மே மாதம் முழுக்க அதுதான். முப்பத்தைந்து கட்டம், ஒன்றுகூடக் காலி இல்லை, வெளியே எந்தச் சொல்லும் இல்லை. நான் எழுதியதிலேயே நல்ல டேபிள் அதுதான். மாற்றத்துக்குக் காரணம் என்ற இடத்தில் 'ஒழுங்குபடுத்தல்' என்று போட்டேன். அடுத்த முறை எல்லா பம்புக்கும் புது புரோகிராம் போகும்போது இதுவும் நைசாகப் போய்விடும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். உன் விசாரணையும் அதற்குள் எப்படியாவது முடிந்துவிடும் என்று நினைத்தேன். நொட்டை அந்த 'ஒழுங்குபடுத்தல்' பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு என் மேஜையில் வைத்தார். "படிக்க சுலபமா இருக்கட்டும்னுதான்" என்றேன். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். பயந்தேன் அக்கா. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை இன்று பத்து மணிக்குப் படித்தேன். பதினொரு மணிக்கு மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன், பம்பிலும் செய்து காட்டினேன். அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். சிரிஞ்ச் காலியாகும் வரை எல்லாரும் திரையில் இருந்த 2ஐயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லா ஆஸ்பத்திரிக்கும் பம்பை நிறுத்தச் சொல்லி மதியமே தகவல் போய்விட்டது. உங்கள் ஆஸ்பத்திரிக்கு என் வாக்குமூலமும் சேர்ந்து போயிருக்கிறது. நீ போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்கு.

தம்பி


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் உன்னைத் திரும்ப வார்டுக்கு எடுத்துக்கொண்டதாக எங்கள் மேனேஜருக்கு வந்த கடிதத்தில் இருந்ததாம்.

என்னை வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கு வருமா, வேலை போகுமா என்பதெல்லாம் பிறகுதான் தெரியும். நொட்டை ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனார். டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். தினமும் எழுந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். தபால்காரர் பத்து மணிக்கு வருகிறார்.

ஒரே வரி எழுதினாலும் போதும்.

தம்பி


ஜூலை 21

தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. பதில் போடாததற்கு வேலை காரணம் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நான் போட்ட கையெழுத்தைக் கிழித்துவிட்டு, என் மேல் தவறில்லை என்று ஒரு தாள் கொடுத்தார்கள். ஹெட் நர்ஸ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். வார்டுக்குத் திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது இருப்பது வேறு கம்பெனி பம்ப், அதில் சிரிஞ்சை மாட்டும்போது பக்கத்தில் இருக்கிறவளைக் கூப்பிட்டு, "சத்தம் கேட்டுதா?" என்று கேட்கிறேன். கேட்டுச்சுக்கா என்கிறாள். எனக்குக் கேட்பதில்லை. அன்றைக்குக் கேட்டிருக்கும் என்று உன் கடிதத்தைப் படித்து அறிவுக்குத் தெரிகிறது. காதுக்குத் தெரியவில்லை. அதை நீ திருப்பித் தர முடியாது என்று நினைக்கிறேன்.

உன் கடிதங்களைத் தேதி வாரியாகப் பரப்பி வைத்துப் பார்த்தேன். ஏப்ரல் பதினைந்திலிருந்து ஜூன் பன்னிரண்டு வரை ஐம்பத்தெட்டு நாள். அந்த நாட்களில் மற்ற ஐந்து பம்பையும் எத்தனை பேருக்கு மாட்டினோம் என்று வார்டு ஏட்டில் எண்ணினேன். இருநூற்றுப் பதினொரு பேர். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது உன்னால் இல்லை.

மூன்று நாள் கெடுவில் நீ செய்தது எனக்குப் புரிகிறது. நாங்களும் அவசரத்துக்கு எதையாவது எதிலாவது கட்டிவைத்துவிட்டு, அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று ஓடுகிறவர்கள்தான். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏப்ரல் இருபதாம் தேதிக் கடிதத்தின் மேல்தான் கோபம். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஒரு பொய்கூட இல்லாமல் அதை எழுத நீ எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். அங்கேதான் எனக்கு மனசு நின்றுவிடுகிறது. அத்தான் உன்னை மன்னித்துவிடச் சொல்கிறார். நான் மன்னித்துவிட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்ததும் சொல்கிறேன்.

நேற்று மறுபடி டிப்போவுக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் போயிருந்தது, அதில் பாதி புரியவில்லை என்றார். அவர் பஸ்ஸிலேயே உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். டேபிளைக்கூட அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். டிரைவர் இல்லையா, சீக்கிரம் பிடித்துக்கொண்டார். "கியர் ஒண்ணு காட்டுது, வண்டி வேற கியர்ல போகுது" என்றார். ஆமாம் என்றேன்.

"அப்ப உங்க கை இல்ல."

"இல்லைங்க."

"எழுதினது யாரு?"

"என் தம்பி."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. பிறகு, "அவருக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார். ஜூன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "ஏப்ரல்லயே தெரியும்" என்றேன். அவருக்கு முகம் மாறியது. என் கைதான் என்று நான் சொன்ன அன்றைக்குக்கூட அப்படி மாறவில்லை.

உன் முகவரியைக் கேட்டார். கொடுத்தேன். டியூட்டிச் சீட்டின் ஓரத்தில் அவரே மெதுவாக எழுதிக்கொண்டார். "எழுதுவேன். திட்டி எழுதுவேனா, வேற எதாவது எழுதுவேனான்னு எனக்கே தெரியல" என்றார். வீட்டில் எழுதுகிற வேலையெல்லாம் அந்த அம்மாதான் பார்த்துக்கொண்டிருந்தாராம், இவருக்குப் பழக்கமில்லை. அதனால் கொஞ்ச நாள் பிடிக்கும். எழுத்துப் புரியாவிட்டால் பொறுமையாகக் கூட்டிப் படி.

அவர் என்ன எழுதியிருந்தாலும் சரி, வந்த அன்றைக்கே பதில் போடு.

அக்கா